ஊர்ப் பெரியவர், ஆண், சைவம்

செவ்வாய்க்கிழமை காலை பத்தரைக்கு, உதயகலாவின் மாமா இறந்துவிட்டார் என்று அவளுடைய ஃபேஸ்புக் பக்கத்திலேயே செய்தி வந்தது.

அவள் அப்போது கரவெட்டி பிரதேச செயலகத்தில் தன் மேசையில் இருந்தாள். எதிரே ஒரு முதியவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, படிவத்தில் எங்கே கையெழுத்து வைப்பது என்று தேடினார். மேசை இலாச்சிக்குள் கைப்பேசி அதிர்ந்தது. நின்றது. மறுபடி அதிர்ந்தது. பிறகு நிற்கவேயில்லை.

எடுத்துப் பார்த்தாள். மாமாவின் படம். அவளுடைய கலியாணத்தில் எடுத்தது. பக்கத்தில் நின்ற மாமியை வெட்டியிருந்தது. மாமியின் தோள் மட்டும் மிஞ்சியிருந்தது. சுற்றிலும் கறுப்புக் கரை. மேலே ‘கண்ணீர் அஞ்சலி, ஏரம்பு ஐயா.’ கீழே நான்கு வரி. அதற்குக் கீழே அவளுடைய பெயர், ‘சிறுகதை எழுத்தாளர்’ என்ற சொல், அவளுடைய கதைகள் இருக்கும் தளத்தின் இணைப்பு.

விறாந்தைக்குப் போய் மாமிக்கு எடுத்தாள்.

“மாமி…”

“என்ன பிள்ளை?”

“மாமா?”

“இருக்கிறார். கஞ்சி குடிக்கிறார். உப்புக் காணாதாம். ஏன்?”

“சும்மா கேட்டனான்.”

“வேலையிலை நிண்டுகொண்டு சும்மா கேக்கிறியோ? வை, கஞ்சி ஊத்துப்படுது.”

பிறகு செந்தூரனுக்கு எடுத்தாள். அவளுடைய கணவன். நெல்லியடியில் கைப்பேசி திருத்தும் கடை வைத்திருந்தான். அவளுடைய பக்கத்தை நடத்துவதும் அவன்தான். குரல் உற்சாகமாக வந்தது. உடனே தாழ்த்திக்கொண்டான்.

“கலா, நானே எடுக்க வெளிக்கிட்டனான். மனதைத் திடப்படுத்தும். ஆனா முந்திட்டம். ஒருத்தரும் இன்னும் போடேல்லை.”

“மாமா இருக்கிறார்.”

“எங்கை?”

“வீட்டிலை. கஞ்சி குடிக்கிறார்.”

திருத்தும் கருவியை மேசையில் வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, “நான் கண்ணாலை கண்டனான்,” என்றான். “அம்புலன்ஸ் படலையிலை நிண்டது. லொறியிலை இருந்து கதிரை இறக்கினவங்கள். நூறு கதிரை இருக்கும். அம்புலன்சும் நிண்டு கதிரையும் இறக்கினா மனுசன் என்னத்தை நினைக்கிறது?”

கதிரைகள் பக்கத்து வீட்டுக்கு வந்தவை. அங்கே பிள்ளை பெரியவளாகி, வெள்ளிக்கிழமை சாமத்திய வீடு. அவர்களுடைய ஒழுங்கைக்குள் லொறி போகாது. மாமாவின் முற்றத்தில் அடுக்கினார்கள். அம்புலன்ஸ், நெஞ்சுச் சளியோடு ஆறு நாள் ஆஸ்பத்திரி வாட்டில் கிடந்த மாமாவைச் சுகமாகிவிட்டது என்று கொண்டுவந்து இறக்கியது. செந்தூரன் மோட்டார் சைக்கிளில் போகும்போது இரண்டையும் ஒன்றாகக் கண்டான்.

“இறங்கி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.”

“இறங்கிக் கேக்கிற நேரத்துக்கை மற்றவன் போட்டிடுவான்.”

“எடுங்கோ அதை.”

“எடுக்கிறன், எடுக்கிறன்.” மூச்சு விட்டான். “நானூறு ஷெயர், கலா. பத்து நிமிசத்திலை.”

அவள் திரும்பி வந்தபோது முதியவர் வேறு கோட்டில் கையெழுத்து வைத்திருந்தார். புதிய படிவம் கொடுத்தாள்.

*

உதயகலா பதினொரு வருடமாகக் கதை எழுதினாள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் தமிழ் படித்தவள். பத்துப் பக்கம் எழுதி நான்காகக் குறைப்பாள். பெயரடை கண்டால் வெட்டுவாள். எழுதியதைத் தன் தளத்தில் போடுவாள். நாற்பது பேர் திறந்து பார்ப்பார்கள். அதில் எத்தனை பேர் முடிவு வரை போனார்கள் என்பதையும் தளம் காட்டும். அவள் அதைப் பார்ப்பதை நிறுத்தியிருந்தாள்.

“நல்ல கதையள்,” என்பான் செந்தூரன். “ஆனா சனம் வாசிக்க வேணுமெல்லோ.”

மூன்று வருடங்களுக்கு முன் அவன் வேலையைத் தொடங்கினான். இலக்கியக் குழுக்களில் கதைகளைப் போட்டான். இருநூறு பேரைப் பதிவோடு கோத்துவிட்டான், பெரும்பாலானவர்கள் கழன்றுகொண்டார்கள். கதையிலிருந்து ஒரு வரியைப் பிடுங்கிச் செவ்வரத்தம்பூப் படத்தின் மேல் எழுதினான். பிறந்தநாள்காரர்களுக்கு வாழ்த்தோடு இணைப்பையும் அனுப்பினான். பெயர் பெற்ற எழுத்தாளர்களின் பதிவுகளுக்குக் கீழே, ‘அருமை ஐயா, நேரமிருந்தால் என் துணைவியின் கதையையும்’ என்று எழுதினான். அதைக் கண்ட அன்று அவள் சாப்பிடவில்லை. ஒரு கிழமை அவனோடு கதைக்கவில்லை.

பிறகு கடையில் அவனுக்கு ஒன்று விளங்கியது. விடுமுறைக்கு வந்த வெளிநாட்டுக்காரர்கள் கைப்பேசியைத் திருத்தக் கொடுப்பார்கள். திறந்தால் முதல் பக்கத்திலேயே மரண அறிவித்தல் தளம் இருக்கும். கனடாவோ சுவிசோ, எல்லாருடையதிலும் இருந்தது.

“காலமை பல்லுத் தீட்ட முன்னம் சனம் உதைத்தான் பாக்குது,” என்றான். “உங்கை நிண்டாத்தான் எங்களைக் காணுவினம். செத்தவருக்கு நாலு வரி. கீழை உம்மடை பேர். அதுக்குக் கீழை கதையின்ரை இணைப்பு. ஆருக்கு என்ன நட்டம்?”

அவள் சிரித்தாள். பிறகு எழுதிக் கொடுத்தாள்.

ஏழு மாதத்தில் பதினாறு எழுதினாள். எல்லாம் கணினியில் ஒரே இடத்தில் இருந்தன. ‘அம்மா, சைவம்.’ ‘அம்மா, வேதம்’, அதாவது கிறிஸ்தவர். ‘ஆசிரியர், ஆண்.’ ‘இளவயது, விபத்து.’ ‘ஊர்ப் பெரியவர், ஆண், சைவம்.’ பெயருக்கு இடம் விட்டிருந்தது. ஆளைப் பொறுத்து எடுத்துப் பெயரைப் போடுவது செந்தூரனின் வேலை. ஒன்று எழுத அவளுக்கு இருபது நிமிடம் போதும். பெயரடைகளை வெட்டுவதில்லை.

பக்கத்தைப் பின்தொடர்ந்தவர்கள் முன்பு இருநூற்றுப் பதினான்கு பேர். இப்போது பத்தொன்பதாயிரம். ‘உங்கள் கவிதையைப் படித்துக் கதறி அழுதோம்’ என்று பிள்ளைகள் எழுதினார்கள். ஒரே கவிதைக்கு மூன்று குடும்பங்கள் கதறி அழுதன.

மார்கழியில் நோர்வேயிலிருந்து ஒரு பெண் எழுதினாள். அஞ்சலியைப் பற்றி அல்ல, கதையைப் பற்றி. கடைசிப் பந்திக்கு முந்திய பந்தியிலேயே கதை முடிந்துவிட்டதே, மற்றதை ஏன் எழுதினீர்கள் என்று கேட்டிருந்தாள். சரியான கேள்வி. உதயகலா அந்தக் கடிதத்தை அச்சிட்டு வைத்துக்கொண்டாள். முன்பின் தெரியாத ஒருவர் அவளுடைய கதையை முழுதாக வாசித்தது அதுதான் முதல் தடவை. அந்தப் பெண் ஓர் அஞ்சலிக்குக் கீழிருந்த இணைப்பால் வந்தவள்.

ஏரம்பு மாமா அவளுடைய தாயின் தமையன். தகப்பன் இல்லாத வீட்டில் அவளை வளர்த்தவர். பஸ் ஓட்டினார். பல்கலைக்கழகத்துக்கு நான்கு வருடம் அவருடைய பஸ்ஸில்தான் போய்வந்தாள். ஒரு நாளும் அவளுக்கென்று இருக்கை பிடித்து வைக்கவில்லை. “மற்றதுகளும் நிண்டுதானே வருகுதுகள்,” என்பார்.

திங்கட்கிழமை, மாமா வாட்டில் கிடந்த ஆறாம் நாள், சாப்பிடும்போது செந்தூரன் சொன்னான்.

“மாமாவுக்கு ஒண்டு எழுதி வையும். ஒண்டும் நடவாது. நடந்தா அந்த நேரம் உம்மாலை எழுத ஏலாது.”

“ஊர்ப் பெரியவர் இருக்குத்தானே,” என்றாள். “பேரைப் போடுங்கோ.”

பிறகு சம்பலை இந்தப் பக்கம் தள்ளச் சொன்னாள்.

*

செவ்வாய் மாலை வீட்டுக்கு வந்தபோது பதிவு அப்படியே இருந்தது. இரண்டாயிரத்து முந்நூறு பேர் பகிர்ந்திருந்தார்கள்.

“இதைப் பாரும் முதலிலை,” என்று செந்தூரன் ஒரு கடிதத்தைக் காட்டினான். ரொறன்ரோவில் ஒரு வாசகர் வட்டம். செயலாளர் அருள்நேசன் எழுதியிருந்தார். ஏரம்பு ஐயாவுக்கான அஞ்சலி வட்டத்தில் எல்லாருடைய நெஞ்சையும் தொட்டுவிட்டது. இப்படி எழுதுகிறவர் சிறுகதையும் எழுதுகிறார் என்று அறிந்து மகிழ்ச்சி. இந்தச் சனிக்கிழமை மாதாந்த இணையவழிக் கூட்டத்தில் உங்கள் கதை ஒன்றை நீங்களே வாசிக்க வேண்டும். எண்பது பேருக்குக் குறையாது.

அவள் இரண்டு தடவை வாசித்தாள். ‘உங்கள் கதை ஒன்றை நீங்களே’ என்ற இடத்தில் நின்றாள்.

“இதை எடுத்தா?” என்றாள்.

“எடுத்தா ஏன் எடுத்தனீங்கள் எண்டு கேப்பினம். பிழையாப் போட்டது எண்டா முடிஞ்சுது. செத்த வீட்டை வைச்சுப் பேர் வாங்கிற ஆக்கள் எண்டு சொல்லுவினம்.”

“அப்பிடித்தானே செய்யிறம்.”

அவன் பதிவைத் திறந்து மேலும் கீழும் தள்ளிப் பார்த்தான். “வேறை வழி ஒண்டு இருக்கு,” என்றான். “பேரை மாத்துவம். படத்தையும் மாத்துவம். இமையாணனிலை இண்டைக்கு ஒருத்தர் மோசம் போயிட்டார், செத்த வீடு நடக்குது. ஊர்ப் பெரியவர்தான். ஷெயர் எல்லாம் அப்பிடியே நிக்கும்.”

“கீழை எழுதின ஆக்கள் எல்லாரும் ஏரம்பண்ணை எண்டெல்லோ எழுதியிருக்கினம். பொருந்தாது.”

சொல்லி முடிந்த பிறகே தான் சொன்னது அவளுக்குக் கேட்டது. எழுந்து குசினிக்குப் போய்க் கை கழுவினாள். கை சுத்தமாகத்தான் இருந்தது.

“சனிக்கிழமை மட்டும் பொறும்,” என்றான் அவன் அங்கிருந்து. “நாலு நாள். மாமா ஃபேஸ்புக் பாக்கிற ஆளோ?”

அவள் சரி என்று சொல்லவில்லை. எடுக்கவும் இல்லை.

*

மாமா பார்க்கிற ஆள் அல்ல. ஊர் பார்த்தது.

புதன்கிழமை காலை, ஓய்வுபெற்ற பஸ் ஊழியர்கள் சந்தியில் பனர் கட்டிவிட்டார்கள். அதே படம், அதே நான்கு வரி. மத்தியானம் கோப்பாயிலிருந்து ஒரு வாடகை வானில் உறவினர் வந்து இறங்கினார்கள், மலர்வளையத்தோடு. முற்றத்தில் நூறு கதிரைகள் அடுக்கிக் கிடந்ததால் அவர்களுக்கும் சந்தேகம் வரவில்லை. முன்னால் வந்த பெண் மாமியைக் கட்டிப்பிடித்துக் குழறத் தொடங்கினாள். மாமா சாரத்தை முடிந்துகொண்டு வாசலுக்கு வந்தார். அந்தப் பெண்ணுக்கு மயக்கம் வந்து கதிரை ஒன்றை உருவிப்போட்டு இருத்தினார்களாம்.

இதை மாமி தொலைபேசியில் சொன்னாள். சிரிக்காமல் சொன்னாள். கடைசியில், “நீ ஒருக்கா வீட்டை வா,” என்றாள்.

வியாழன் மாலை போனாள். மாமா சாய்மனைக் கதிரையில் இருந்தார். மெலிந்து போயிருந்தார். முழங்கை மட்டும் பெரிதாகத் தெரிந்தது. மலர்வளையம் கிணற்றடியில் சாத்தியிருந்தது.

“வா பிள்ளை,” என்றார் மாமா. “செத்த வீட்டுக்கு ரெண்டு நாள் பிந்தி வாறாய்.”

“மாமா…”

“இரு. தேத்தண்ணி குடிக்கலாமோ, இல்லாட்டி துடக்கோ?”

மாமி குணலட்சுமி கதவு நிலையில் நின்றாள். நெற்றியில் குங்குமம் வழக்கத்தைவிடப் பெரிதாக இருந்தது.

“உங்களுக்குப் பகிடி,” என்றாள். “என்ரை நெத்தியைப் பாத்துக்கொண்டெல்லோ அவள் குழறினவள். உதை அழிக்கேல்லையோ எண்டு பாக்கிற பார்வை. வித்தியா அங்கை இருந்து கத்துறாள். அங்கை சாமம், வேலை முடிஞ்சு பஸ்ஸுக்கை நிண்டு பாத்தவளாம். தேப்பன்ரை படம். கறுப்புக் கரை. கீழை உன்ரை பேர். எங்களுக்கு எடுக்கிறாள், நாங்கள் போனை உள்ளை வைச்சிட்டுக் கஞ்சி குடுத்துக்கொண்டிருக்கிறம். முக்கா மணித்தியாலம், பிள்ளை. முக்கா மணித்தியாலம் அவள் தேப்பன் இல்லாதவள்.”

வித்தியா அவர்களுடைய ஒரே மகள். ரொறன்ரோவில் இருந்தாள். உதயகலாவைவிட இரண்டு வயது இளையவள்.

“அவர் பிழையா விளங்கிப் போட்டுட்டார், மாமி.”

“அவன் போட்டான். எழுதினது நீயெல்லோ.”

மாமா கையை நீட்டினார். “அது என்ன எழுதியிருக்கிறாய்? சந்தியிலை கட்டியிருக்காம். எனக்கு நடக்கேலாது. வாசி பாப்பம்.”

“வேண்டாம் மாமா.”

“செத்தவனுக்குத்தானே எழுதினனீ. செத்தவன் கேக்கிறன், வாசி.”

அவள் வாசிக்கவில்லை, பாடமாகச் சொன்னாள். மாமாவின் முகத்தைப் பார்க்காமல் கிணற்றடியைப் பார்த்துச் சொன்னாள்.

வெண்ணிற வேட்டியும் வெண்ணீற்றுக் கீற்றும்
புன்னகை மாறாப் பொன்முகமும்
மண்ணில் இனிநாம் காண்பதும் எங்கோ
விண்ணகம் சென்ற விளக்கே ஐயா.

“இது ஆர்?” என்றார் மாமா.

அவள் கிணற்றடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“முப்பத்தொரு வருசம் ரவுசரோடை பஸ் ஓடினன். பிறகு சாரம். வேட்டி கட்டினது ரெண்டு தரம். என்ரை கலியாணம், உன்ரை கலியாணம். அந்தப் படத்தைத்தான் போட்டிருக்கிறியள்.” இருமினார். மாமி முதுகைத் தடவ வந்தாள், தள்ளிவிட்டார். “புன்னகை மாறாப் பொன்முகமாம். என்ரை கொண்டக்டரைக் கேள் நான் என்ன சிரிச்சனான் எண்டு. அவன் பென்சன் எடுத்தும் என்னைக் கண்டா சைக்கிளைத் திருப்பிறவன்.”

“உது எல்லாருக்கும் பொதுவா எழுதிறது, மாமா.”

“எல்லாருக்கும் பொதுவோ?”

“ஓம்.”

“அப்ப எனக்கெண்டு எழுதேல்லை.”

“இல்லை.”

மாமா கொஞ்ச நேரம் அவளைப் பார்த்தார். அந்தப் பகிடி முகத்திலிருந்து போய்விட்டது. திரும்பி மாமியிடம், “லைற்றைப் போடு,” என்றார். வெளிச்சம் இன்னும் இருந்தது.

மாமி படலை வரை வந்தாள். “இப்ப எடு,” என்றாள். “இப்ப, என்ரை முன்னாலை.”

“அவரின்ரை போனிலைதான் எடுக்கலாம், மாமி. வீட்டை போன உடனை எடுப்பிக்கிறன்.”

தோளில் தொங்கிய பைக்குள் அவளுடைய கைப்பேசி அதிர்ந்துகொண்டிருந்தது. அதிலேயே எடுக்கலாம். மூன்று தட்டுப் போதும்.

மாமிக்கும் அதிர்வு கேட்டது. “சரி,” என்றாள்.

*

சனிக்கிழமை மாலை ஏழரை. ரொறன்ரோவில் காலை பத்து. உதயகலா சேலை கட்டி மேசைக்கு முன் இருந்தாள். முன்னால் கதை, நான்கு பக்கம், அச்சிட்டது. நோர்வேப் பெண் சொன்ன கடைசிப் பந்தியை வெட்டியிருந்தாள். செந்தூரன் கமெராவில் படாமல் சுவரோரம் நின்றான்.

அருள்நேசன் முதலே வந்துவிட்டார். அறுபது வயது இருக்கும். நல்ல மனிதராகத் தெரிந்தார். ஆட்கள் சேரும்வரை கதைத்தார்.

“தங்கச்சி, கூட்டத்துக்கு முதல் ஒரு சொந்த விசயம். அம்மா வட்டுக்கோட்டையிலை இருக்கிறா. எண்பத்தாறு. ஒரு பிரச்சினையும் இல்லை, சுகமா இருக்கிறா. ஆனா எப்பவும் எண்டில்லையே. அந்த நேரம் ஆளைப் பிடிச்சு எழுதுவிக்க அலைய ஏலாது. நீங்கள் ஒண்டு எழுதி வைச்சிட்டியள் எண்டால் எனக்கு நிம்மதி.”

“அம்மாவைப் பற்றிச் சொல்லுங்கோ,” என்றாள்.

“அம்மாவைப் பற்றி…” யோசித்தார். “நல்லவ. ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போவா. உங்களுக்குத் தெரியும்தானே, எல்லா அம்மாமாரையும் போலை.”

சுவரோரத்திலிருந்து செந்தூரன் மெதுவாக, “வேதத்துக்கு இருக்கு,” என்றான்.

“எழுதி அனுப்புறன், அண்ணை,” என்றாள் உதயகலா.

பெட்டி பெட்டியாக முகங்கள் வந்தன. எண்பத்து நான்கு. பாதிப் பேர் கமெராவை மூடி எழுத்தாக மட்டும் இருந்தார்கள். அருள்நேசன் வணக்கம் சொன்னார். வட்டத்தின் வரலாற்றைச் சொன்னார். பிறகு திரையில் மாமாவின் படம் வந்தது. முழுத்திரையிலும் வந்தது. மாமியின் தோள் துல்லியமாகத் தெரிந்தது.

“இண்டைக்கு எங்களை இணைச்சது இந்த மனிதர்,” என்றார் அருள்நேசன். “தன்ரை மாமாவை இழந்த துயரத்திலையும் தங்கச்சி எங்களோடை வந்திருக்கிறா. வழமை போலை அகவணக்கத்தோடை தொடங்குவம். அமரர் ஏரம்பு ஐயாவுக்கு ஒரு நிமிடம்.”

எல்லாரும் எழுந்தார்கள். தலைகள் திரைக்கு வெளியே போய் வயிறுகள் மட்டும் தெரிந்தன. சிலர் எழவில்லை, குனிந்தார்கள். ஒரு பெண் பின்னால் எதையோ கிளறிக்கொண்டிருந்தாள், நிறுத்தினாள். ஓர் ஆள் மென்றுகொண்டிருந்ததை வாயிலேயே வைத்துக்கொண்டான்.

ஒரு சொல் போதும். அவர் சாகவில்லை. இந்த நேரம் பிட்டுச் சாப்பிடுவார். கறி காணாது என்பார். இதைச் சொன்னால் பதிவைப் பற்றிச் சொல்ல வேண்டும், கதிரைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும், பதினாறு அஞ்சலிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிறகு யாரும் கதை கேட்க மாட்டார்கள். அவள் விரலை ஒலிவாங்கிக் குறியின் மேல் வைத்தாள். இருபது விநாடி போயிருந்தது. சுவரோரம் செந்தூரனைப் பார்த்தாள். அவன் கண்ணை மூடிக் கை கட்டித் தலை குனிந்து நின்றான். அவனை ஒருவரும் பார்க்கவில்லை. இருந்தும் நின்றான்.

நாற்பதாவது விநாடியில் விரலை எடுத்தாள். தலை குனிந்தாள்.

“நன்றி,” என்றார் அருள்நேசன். “தங்கச்சி, முதலிலை அந்தக் கவிதையை உங்கடை குரலிலை கேப்பம்.”

வாசித்தாள். ‘வெண்ணிற வேட்டியும்’ என்ற இடத்தில் குரல் நன்றாக வந்தது. கைதட்டும் படங்கள் திரையில் எழும்பின. அழும் முகங்களும் எழும்பின. பிறகு ஒருவர், ஊர்ப் பெரியவர்கள் மறைந்துவருவது பற்றி இருபது நிமிடம் பேசினார். இன்னொருவர் தன் தகப்பனுக்கு எழுதிய அஞ்சலியை வாசித்தார். அது முடிய வேறொருவருக்கும் தன் தகப்பன் நினைவுக்கு வந்தார். உதயகலா நான்கு பக்கத்தையும் நேராக்கி வைத்தாள். மறுபடி நேராக்கினாள்.

ஒன்பது மணிக்கு அருள்நேசன் கைகூப்பினார்.

“நேரம் காணாமல் போச்சு. மண்டபம் எண்டா இன்னும் இருந்து கதைக்கலாம். தங்கச்சியின்ரை கதையை எல்லாரும் இணைப்பிலை போய் வாசிக்க வேணும். கட்டாயம் வாசியுங்கோ.”

கட்டாயம், கட்டாயம் என்று எழுத்தில் வந்தது. பெட்டிகள் ஒவ்வொன்றாக அணைந்தன.

அவள் கூட்டத்திலிருந்து வெளியேறினாள். பிறகு தளத்தைத் திறந்து எண்ணிக்கையைப் பார்த்தாள். கதையை ஐந்து பேர் திறந்திருந்தார்கள். முடிவு வரை போனவர் ஒருவரும் இல்லை.

கைப்பேசியை எடுத்தாள். பதிவைத் திறந்தாள். மூன்று தட்டு. ‘நீக்கவா?’ என்று கேட்டது. நீக்கினாள்.

செந்தூரன் எட்டிப் பார்த்தான். “ஓம், இனி எடும்,” என்றான். “அலுவல் முடிஞ்சுது.”

அவள் கதையின் நான்கு பக்கத்தையும் மடித்து இலாச்சிக்குள் வைத்தாள். அவன் கதவடியில் நின்று, “வாரும், சாப்பிடுவம்,” என்றான்.

*

ஞாயிறு காலை எட்டரைக்கு மாமா வீட்டுக்குப் போனாள். சாமத்திய வீடு முடிந்து கதிரைகள் போய்விட்டன. முற்றத்தில் அவற்றின் கால்கள் குத்திய அடையாளங்கள் இருந்தன. படலை உள்ளே கொளுவியிருந்தது. மணியை அடித்தாள். மாமி வந்தாள். கையில் அகப்பை இருந்தது. கொளுக்கியைத் தொடவில்லை.

“எடுத்திட்டன், மாமி.”

“எப்ப?”

“நேற்று.”

“நேற்று எத்தினை மணிக்கு?”

உதயகலா பார்த்தாள். மாமியின் முகத்தில் கோபம் இல்லை. கேட்கிற முகம்தான்.

“இரவு.”

“கூட்டம் முடிஞ்சாப் பிறகு.”

உதயகலா படலையின் கொளுக்கியைப் பார்த்தாள்.

“வித்தியாவும் வந்தவள்,” என்றாள் மாமி. “அங்கை ஆரோ அவளுக்கும் அனுப்பியிருக்கினம், உங்கடை ஊர் எழுத்தாளர் வாறா எண்டு. கமெராவை மூடிக்கொண்டு இருந்தவளாம். ஏன் பிள்ளை நீ வாய் திறக்கேல்லை, உன்ரை தேப்பன் எல்லோ எண்டு கேட்டன். கலாக்கா சொல்லுவா எண்டு பாத்துக்கொண்டிருந்தனான் அம்மா எண்டாள். எண்ணிக்கொண்டிருந்தவளாம். அம்பது மட்டும் எண்ணினவளாம்.”

ஒழுங்கையால் ஒரு மோட்டார் சைக்கிள் போனது. ஓட்டியவன் இருவரையும் பார்த்துக்கொண்டு போனான்.

“நீ குனிஞ்சனியாம்,” என்றாள் மாமி.

“ஓம் மாமி.”

மாமி தலையாட்டினாள், ஒரு கணக்கைச் சரி என்று ஒப்புக்கொள்வதுபோல.

உள்ளேயிருந்து இருமல் கேட்டது. பிறகு மாமாவின் குரல். பழைய பலம் கொஞ்சம் திரும்பியிருந்தது.

“ஆரப்பா படலையிலை?”

மாமி உதயகலாவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“ஒருத்தரும் இல்லை,” என்று உள்ளே பார்த்துச் சொன்னாள். “நீங்கள் சாப்பிடுங்கோ.”